மனதைத் தீட்டும் திருநாள்!

பாலித் தீவில் கத்திக்கு ஒரு பூஜை

சனிக்கிழமை காலை. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பக் கோயிலில் ஊதுவத்திப் புகை சுழன்று எழுகிறது. வெள்ளையும் மஞ்சளுமாக விரித்த துணியின் மேல் பளபளக்கிறது ஒரு குறுவாள். பாம்பு நெளிவதைப் போல வளைந்து வளைந்து செல்லும் அதன் அலகில் சந்தன எண்ணெய் மணக்கிறது. குடும்பத் தலைவி தென்னங்குருத்தில் தைத்த தட்டில் பூவும் சோறும் பழமும் வைத்துப் படைக்கிறார். பூசாரி மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க, பெரியவர் முதல் குழந்தை வரை அந்தக் கத்தியின் முன் கைகூப்பி அமர்ந்திருக்கிறார்கள்.

'அட, நம்ம ஆயுத பூஜை மாதிரியே இருக்கிறதே!' என்றுதானே நினைக்கிறீர்கள்?

இது நடப்பது நம் ஊரில் அல்ல. கடல் கடந்து, இந்தோனேஷியாவில் உள்ள பாலித் தீவில்! அந்தக் குறுவாளின் பெயர் கெரிஸ். மரியாதையாகச் சொல்லும்போது 'கடுத்தான்' என்பார்கள். அதற்குரிய திருநாள், 'தும்பெக் லண்டெப்'. 'லண்டெப்' என்றால் பாலி மொழியில் 'கூர்மை' என்று பொருள்.

எதன் கூர்மை? கத்தியின் கூர்மையா? அங்கேதான் இருக்கிறது விஷயம். வாருங்கள், மெள்ள மெள்ளத் தெரிந்துகொள்வோம்.

சனைச்சர வாரமும் பசுபதியும்

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாலியில் சுமார் 43 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். ஒவ்வொரு கிராமத்திலும் மூன்று முக்கியமான கோயில்கள் இருக்கும். ஊர் பிறந்த கதையோடு தொடர்புடையது பூரா புசே. ஊர் கூடும் கோயில் பூரா தேசா. மயானத்தின் பக்கம் அமைந்து, துர்கையின் சக்தி நிறைந்ததாகக் கருதப்படுவது பூரா டாலம். 'பூரா' என்பது அவர்கள் மொழியில் கோயில். தீவு முழுவதற்கும் தாய்க்கோயிலாக விளங்குவது, 3,000 மீட்டருக்கும் உயரமான ஆகுங் எரிமலையின் சரிவில் இருக்கும் பெசாக்கி.

இவர்களின் கிழமைப் பெயர்களைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். ஞாயிறு 'ரெதிதே' (ஆதித்யன்தான்!), திங்கள் 'சோமா', செவ்வாய் 'அங்காரா', புதன் 'புதா', வியாழன் 'வ்ரஸ்பதி', வெள்ளி 'சுக்ரா', சனி 'சனிஸ்சரா'. நம் பஞ்சாங்கத்தில் வருகிற அதே கிரகங்கள்!

அவர்களுடைய சடங்குப் பஞ்சாங்கத்துக்கு 'பவுகோன்' என்று பெயர். அதில் ஒரு சுற்று என்பது 210 நாட்கள். ஏழு நாள் கொண்ட வாரங்கள் மொத்தம் முப்பது. ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இதோடு சேர்ந்து ஐந்து நாள் வாரம் ஒன்றும் ஓடுகிறது. அந்த ஐந்து நாள் வாரத்தின் 'கிளிவோன்' என்னும் நாளும் சனிக்கிழமையும் ஒன்றாக வந்தால், அது 'தும்பெக்'. ஐந்தும் ஏழும் பெருக்கினால் முப்பத்தைந்து அல்லவா? ஆகவே 35 நாட்களுக்கு ஒரு முறை தும்பெக் வரும். ஒரு சுற்றுக்கு ஆறு தும்பெக்.

இந்த ஆறில் முதலாவது, லண்டெப் வாரத்தில் வருகிற தும்பெக் லண்டெப். இந்த நாளுக்கு உரிய தெய்வம் யார் தெரியுமா? 'சங் ஹ்யாங் பசுபதி'. 'சங் ஹ்யாங்' என்பது தெய்வத்தைக் குறிக்கும் மரியாதைச் சொல். பசுபதி யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாட்சாத் சிவபெருமானேதான்!

சரஸ்வதி முதல் லண்டெப் வரை

தும்பெக் லண்டெப்பைத் தனியாகப் பார்த்தால் அது ஓர் ஆயுத வழிபாடு, அவ்வளவுதான். ஆனால், அதற்கு முன்னால் வருகிற நாட்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை புரியும்.

210 நாள் சுற்றின் கடைசி நாள், சனிக்கிழமை, சரஸ்வதி தேவிக்கு உரியது. பனையோலைச் சுவடிகளையும் புத்தகங்களையும் அடுக்கிவைத்துப் பூஜை செய்வார்கள். பூஜை முடியும் வரை படிப்பதோ எழுதியதை அழிப்பதோ கூடாது. (நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்குமே!)

மறுநாள் ஞாயிறு, 'பன்யு பினாரு'. அதிகாலையில் கடலிலோ சுனையிலோ நீராடுவார்கள். அறிவென்னும் நீரில் மூழ்கி அழுக்கு நீங்குவதாக ஐதீகம்.

திங்கட்கிழமை 'சோமா ரிபெக்'. அன்னம் தரும் ஸ்ரீதேவிக்கு உரிய நாள். அன்று நெல் குத்த மாட்டார்கள், அரிசி விற்க மாட்டார்கள். அரிசிப் பானைக்கும் நெற்களஞ்சியத்துக்கும் படையல்.

செவ்வாய்க்கிழமை 'சபு மாஸ்'. 'மாஸ்' என்றால் தங்கம். நகைகளையும் விலை உயர்ந்த பொருட்களையும் வைத்து நன்றி சொல்லும் நாள்.

புதன்கிழமை 'பாகெர் வெசி'. 'பாகெர்' என்றால் வேலி. 'வெசி' என்றால் இரும்பு. கல்வியும் அன்னமும் பொன்னும் வந்துவிட்டன. இவற்றையும் நம்மையும் காக்க ஒரு வேலி வேண்டாமா? சிவபெருமானைப் பரம குருவாக, 'ப்ரமேஷ்டி குரு'வாக எண்ணி வணங்கும் நாள் இது. குருவின் அருள்தான் இரும்பு வேலி என்பது இதன் உட்பொருள்.

அதிலிருந்து பத்தாம் நாள், அதாவது சரஸ்வதி நாளிலிருந்து பதினான்காம் நாள், தும்பெக் லண்டெப்.

முதலில் கல்வி. பிறகு சோறு, பொன், குருவின் காவல். எல்லாம் கிடைத்த பிறகுதான் கையில் கூரான ஆயுதம்! இந்த வரிசையை ஏற்படுத்திய முன்னோர்களின் ஞானத்தை என்னவென்று சொல்வது!

பாம்பாக நெளியும் வாள்

இனி, கெரிஸைப் பற்றிப் பார்ப்போம்.

காய்கறி நறுக்கவோ மரம் வெட்டவோ கெரிஸைப் பயன்படுத்துவதில்லை. ஒரு காலத்தில் அது போர் ஆயுதம். இப்போது குடும்பத்தின் குலச்சொத்து. முன்னோர்களின் அருள் தங்கும் புனிதப் பொருள். குடும்பக் கோயிலிலோ வீட்டின் புனிதமான இடத்திலோ பத்திரமாக வைத்திருப்பார்கள். விளையாட்டாக உருவக் கூடாது. தாண்டிச் செல்லக் கூடாது.

அலகின் அடிப்பாகம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். நேரான கெரிஸும் உண்டு. வளைந்த கெரிஸும் உண்டு. வளைவுக்கு 'லுக்' என்று பெயர். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது! வளைந்த கெரிஸ், ஊர்ந்து செல்லும் நாகம். நேரான கெரிஸ், தவத்தில் அசையாமல் இருக்கும் நாகம் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

பாலி கெரிஸின் கைப்பிடி தனி அழகு. மரத்திலோ தந்தத்திலோ பொன்னிலோ தேவர்களின், அசுரர்களின் உருவங்களைச் செதுக்கியிருப்பார்கள். வாயு பகவானையும் (அவர்கள் 'பாயு' என்கிறார்கள்), அவர் மைந்தன் பீமனையும் பல கைப்பிடிகளில் காணலாம். வசதியான குடும்பங்களின் கெரிஸில் ரத்தினங்களும் மின்னும்.

அலகைக் கூர்ந்து பார்த்தால், கறுத்த இரும்பின் நடுவே வெள்ளி நிறத்தில் கோலம் போட்டது போலக் கோடுகள் ஓடும். இதை 'பமோர்' என்கிறார்கள். வண்ணம் பூசியதோ மேலே கீறியதோ அல்ல அது. இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடியும் காய்ச்சி அடிப்பார்கள். பல முறை இப்படி மடிக்க மடிக்க, இரண்டும் மெல்லிய அடுக்குகளாகப் பின்னிக்கொள்ளும். கடைசியில் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் கொண்டு அலகைத் துலக்கும்போது, இரும்பு கறுத்துவிடும். நிக்கல் உள்ள பகுதி மட்டும் வெள்ளையாகவே நிற்கும். உள்ளே ஒளிந்திருந்த கோலம் அப்போது வெளியே வரும்!

அண்டை தீவான ஜாவாவில், பிரம்பானன் கோயில் அருகே 18-ஆம் நூற்றாண்டில் விழுந்த விண்கல்லின் இரும்பையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். வானத்து இரும்பும் பூமி இரும்பும் ஒன்றாகச் சேர்ந்த ஆயுதம் என்றால், அதற்கு மகிமை இருக்காதா, என்ன?

2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, இந்தோனேஷியாவின் கெரிஸ் மரபை மனித குலத்தின் அரிய பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. 2008-ல் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம் பெற்றது.

பிரம்மாவை வணங்கும் கொல்லர்கள்

கெரிஸ் செய்யும் கொல்லர் குலத்தாருக்கு 'பாண்டே' என்று பெயர். (வட இந்தியாவில் வரும் பாண்டேக்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்!) பாலி சமூகத்தில் இவர்களுக்குத் தனி மதிப்பு. நெருப்பை ஆளும் பிரம்மாவே இவர்களின் குலதெய்வம். உலைக்களத்திலேயே சந்நிதி இருக்கும். பெசாக்கியிலும் இவர்களுக்கென்று தனிக் கோயில் உண்டு. பாண்டே குலத்தாருக்குத் தீர்த்தம் தருவதற்குக்கூட அவர்கள் குலத்திலேயே தீட்சை பெற்ற 'ஸ்ரீ எம்பு' என்னும் குருமார்கள் இருக்கிறார்கள்.

ஏன் இத்தனை மதிப்பு? நெருப்பு, நீர், காற்று, மண்ணிலிருந்து வந்த இரும்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரு கையில் அடக்கி வேலை வாங்குகிறவர் கொல்லர். நல்ல நாள் பார்த்து, விரதம் இருந்து, படையல் வைத்த பிறகே கெரிஸ் வேலையில் இறங்குவார். மனம் கலங்கிய நிலையில் சுத்தியலைத் தொட்டால், அந்தக் கலக்கம் இரும்பிலும் இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள்.

உலையிலிருந்து வந்த கெரிஸ் வெறும் இரும்புதான். அதற்குள் தெய்வ சக்தியை எழுந்தருளச் செய்யும் சடங்குக்கு என்ன பெயர் தெரியுமா? 'பசுபதி'! நாம் விக்கிரகத்துக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மந்திர எழுத்துகளும் இந்தச் சடங்குகளில் முக்கிய இடம் பெறுகின்றன. அந்த பாலி எழுத்துகளின் மூலத்தைத் தேடிக்கொண்டே போனால், ஜாவாவின் பழைய கவி எழுத்துக்கும், அதற்கும் முன்னால் நம் பல்லவர் காலத்து எழுத்துக்கும் வந்து சேர்வோம். காஞ்சியின் எழுத்து கடல் கடந்து போய் இன்றும் அங்கே மந்திரமாக வாழ்கிறது என்பது நமக்குப் பெருமைதானே!

பூஜை எப்படி?

தும்பெக் லண்டெப் அன்று கெரிஸை உறையிலிருந்து எடுத்து, எலுமிச்சைச் சாற்றால் துடைத்துத் துரு போக்குவார்கள். நன்றாக உலர்த்தி, நறுமண எண்ணெய் பூசுவார்கள். பிறகு புகை காட்டி, துணி விரித்த பீடத்தில் வைப்பார்கள்.

படையலுக்கு வெள்ளையிலும் மஞ்சளிலும் கூம்பு வடிவச் சோறு இருக்கும். பழம், பலகாரம், பூ, தாம்பூலப் பொருட்கள், குடும்ப வழக்கப்படி மீனும் கோழியும் சேரும். பசுபதிக்கென்று தனிப் படையல் உண்டு. பூசாரி மந்திரம் சொல்லி மணியடித்துத் தீர்த்தத்தைத் தெளிப்பார். பாலி மக்கள் தங்கள் சமயத்தை 'ஆகம தீர்த்தா' என்றும் அழைப்பார்கள். தீர்த்தம் இல்லாமல் அங்கே ஒரு சடங்கும் நிறைவு பெறாது.

தோழிகளே, இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கெரிஸைச் செருகிக்கொள்வது பெரும்பாலும் ஆண்கள். ஆனால், கெரிஸுக்குப் பூஜை நடக்க வேண்டுமானால் பெண்கள் உழைக்க வேண்டும். தென்னங்குருத்தைச் சீவி, மடித்து, மூங்கில் சிம்பால் தைத்து, விதவிதமான படையல் தட்டுகளைச் செய்கிறவர்கள் அவர்கள்தாம். தினசரி பூஜைக்கான சின்னத் தட்டிலிருந்து ஆளுயரப் படையல் வரை எல்லாம் அவர்கள் கைவண்ணம். அதற்கு அவர்கள் நம்பியிருப்பது ஒரு சிறு கத்தி. கெரிஸோடு அந்தக் கத்திக்கும் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும்கூட அன்று பூவும் தீர்த்தமும் கிடைக்கும்.

இரண்டு ஆயுதங்கள், இரண்டு கதைகள்

பசுபதியிடம் ஆயுதம் பெற்றவர் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? அர்ஜுனன்தானே! அந்தக் கதை பாலியிலும் வெகு பிரபலம். சுமார் 1030-ஆம் ஆண்டையொட்டி, அயர்லாங்கா மன்னர் காலத்தில், எம்பு கன்வா என்ற புலவர் பழைய ஜாவா மொழியில் 'அர்ஜுன விவாஹா' என்ற காவியத்தை இயற்றினார். அயர்லாங்கா பாலியில் பிறந்தவர் என்பதால், அந்தக் காவியம் பாலி மக்களுக்கு இன்னும் நெருக்கமானது.

அதில் அர்ஜுனன் தவம் செய்கிறான். அவன் மன உறுதியைச் சோதிக்க இந்திரன் ஏழு தேவ மங்கையரை அனுப்புகிறான். ஆடினார்கள், பாடினார்கள், அருகில் வந்து பேசினார்கள். அர்ஜுனன் அசையவில்லை. அடுத்து, இந்திரனே கிழவர் வேடத்தில் வந்து கேள்வி கேட்டுச் சோதிக்கிறான். அதிலும் வென்ற பிறகுதான் பன்றி வருகிறது, வேடனாக சிவபெருமான் வருகிறார், போர் நடக்கிறது. முடிவில் பசுபதியின் அஸ்திரம் அவன் கைக்கு வருகிறது. ஆயுதத்துக்கு முன்னால் அவனுடைய மனம்தான் பரீட்சைக்கு உள்ளானது!

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் பாலியில் வழங்குகிறது.

எம்பு சித்திமந்திரா என்ற மகானுக்கு மாணிக் அங்கேரான் என்று ஒரு மகன். சூதாட்டப் பித்து. தந்தை பெசாக்கிக்குச் சென்று மணியடித்து வணங்க, அங்கே வாழ்ந்த நாக பாசுகி (நம் வாசுகிதான்!) அவருக்குப் பொன்னும் மணியும் தந்தது. மகனின் கடனை அடைத்தார். மகன் திருந்தவில்லை. அப்பாவின் மணியைத் திருடிக்கொண்டு தானே பெசாக்கிக்குப் போனான். நாகம் அவனுக்கும் பொன் தந்தது. அது புற்றுக்குத் திரும்பும்போது அதன் வால் நுனியில் ஜொலித்த ரத்தினம் அவன் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்! இடுப்பிலிருந்த ஆயுதத்தை உருவினான். வாலை வெட்டினான். ரத்தினத்தோடு ஓடினான். கோபம் கொண்ட நாகம் அவன் கால்தடத்தைத் தீண்ட, ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே எரிந்து சாம்பலானான்.

மகனைத் தேடிவந்த தந்தை நாகத்திடம் மன்றாடினார். அறுந்த வாலைத் தம் தவ வலிமையால் ஒட்டவைத்தார். நாகம் மனம் இரங்கி மகனை உயிர்ப்பித்தது. அவனைப் பெசாக்கியில் திருத்தொண்டு செய்ய விட்டுவிட்டு, அவன் மறுபடி பழைய ஊருக்கும் பழைய சூதுக்கும் திரும்பிவிடக் கூடாதே என்று தம் கைத்தடியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். நிலம் பிளந்து கடல் புகுந்தது. அதுதான் ஜாவாவையும் பாலியையும் பிரிக்கும் நீரிணை என்கிறது கதை.

மாணிக் அங்கேரானின் ஆயுதம் ஒரே வெட்டில் வாலை அறுக்கும் அளவுக்குக் கூர்மையாகத்தான் இருந்தது. மழுங்கியிருந்தது அவன் புத்தி! ஒரு கணப் பேராசை, பெற்ற தந்தையைக் கடலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டதே!

திருமணம் முதல் கோயில் வரை

பாலி மக்களின் வாழ்க்கையில் கெரிஸ் வரும் இடங்கள் பல.

திருமணத்தில்: மணமகள் கையில் தாழை மடலில் பின்னிய ஒரு சிறு பாயைப் பிடித்திருப்பாள். மணமகன் கெரிஸால் அதைத் துளைப்பான். இல்லறம் தொடங்குவதன் அடையாளம் இது. முற்காலத்தில் அரச குடும்பத்து மணமகனால் நேரில் வர இயலாதபோது, அவனுடைய கெரிஸையே மணமகனாக வைத்துத் திருமணம் முடித்ததும் உண்டு. ஒருவனின் கெரிஸ் என்றால், அவனே நேரில் நிற்பதாக அர்த்தம்!

பல் ராவும் சடங்கில்: பிள்ளைகள் பருவ வயதைக் கடந்ததும் 'மெத்தாத்தா' என்ற சடங்கு நடக்கும். மேல் வரிசையில் நான்கு முன்பற்களையும் இரண்டு கோரைப் பற்களையும் அரத்தால் லேசாக ராவிச் சமப்படுத்துவார்கள். ஏன் ஆறு பற்கள்? காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம் என்ற ஆறு பகைவர்களை மட்டுப்படுத்துவதற்காக! பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் இதுவும் ஒன்று. இந்த நாளில் இளைஞர்கள் பட்டாடை உடுத்தி, முதுகுப்புறம் கெரிஸ் செருகி அமர்ந்திருப்பார்கள்.

பாரோங் ஆட்டத்தில்: காவல் தெய்வமான பாரோங்குக்கும், அச்சமூட்டும் ராங்டாவுக்கும் நடக்கும் போர் இது. ராங்டாவைத் துர்கையின் உக்கிர சக்தியோடு தொடர்புபடுத்துகிறார்கள். பாரோங்கின் அடியார்கள் கெரிஸை ஏந்திப் பாய்வார்கள். ராங்டாவின் மாயையால் அந்த கெரிஸ்கள் அவர்கள் மார்புக்கே திரும்பும். அருள் வந்த நிலையில் தங்கள் நெஞ்சில் அதை அழுத்துவார்கள். பாரோங்கின் அருளால் உடலில் கத்தி இறங்காது என்பது நம்பிக்கை. பூசாரி தீர்த்தம் தெளித்ததும் மெள்ளத் தெளிவார்கள். இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. நன்மையும் தீமையும் உலகில் சேர்ந்தே இருக்கும்; சமநிலை குலையாமல் பார்த்துக்கொள்வதே மனிதனின் வேலை என்பது இதன் தத்துவம்.

கோயில் ஊர்வலத்தில்: திசைக் காவலர்களான ஒன்பது தெய்வங்களின் ஆயுதங்களை உயரமான கழிகளில் ஏந்திச் செல்வார்கள். வடக்கே விஷ்ணுவின் சக்கரம், தெற்கே பிரம்மாவின் கதை, கிழக்கே ஈஸ்வரனின் வஜ்ரம், மேற்கே மகாதேவரின் நாகபாசம், நடுவில் சிவபெருமானின் தாமரை. கவனித்தீர்களா? எட்டுத் திசையிலும் ஆயுதம் காக்க, மையத்தில் இருப்பது பூ!

வயல் காக்கும் பவனியில்: கடல் நடுவே பாறையில் நிற்கும் தானா லோட் கோயிலைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தர் என்ற சைவப் பெரியவரோடு தொடர்புடைய தலம் அது. அவர் உள்ளூர்த் தலைவருக்கு அளித்ததாகச் சொல்லப்படும் 'கி பாரு காஜா' என்ற கெரிஸ், தாபானான் பகுதியில் கெடிரி அரண்மனையில் இருக்கிறது. 'குனிங்கான்' திருநாளன்று பக்தர்கள் அதை நடந்தே தானா லோட் பக்கத்தில் உள்ள பாகெண்டுங்கான் கோயிலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். பயிர்களைப் பூச்சியும் நோயும் அண்டாமல் அது காக்கும் என்பது விவசாயிகளின் நம்பிக்கை.

வெள்ளை உடுத்திப் புறப்பட்டவர்கள்

கெரிஸைப் பற்றிச் சொல்லும்போது கண்ணீரோடு சொல்ல வேண்டிய ஒரு நாளும் உண்டு.

1904-ல் சானூர் கடற்கரைக்கு அருகே ஒரு கப்பல் தரைதட்டியது. அதைக் கொள்ளையடித்தார்கள் என்று குற்றம் சாட்டி, டச்சு அரசு நஷ்ட ஈடு கேட்டது. பாடுங் மன்னர் மறுத்தார். 1906 செப்டம்பர் 20 அன்று டச்சுப் படை டென்பசார் அரண்மனையை நெருங்கியது. துப்பாக்கிகளை வெல்ல முடியாது என்பது மன்னருக்குத் தெரியும். ஆனாலும் சரணடையவில்லை. மன்னர், குருமார்கள், பெண்கள், பிள்ளைகள் என்று எல்லோரும் வெள்ளை உடுத்தி, நகை பூட்டி, கையில் கெரிஸோடு துப்பாக்கிகளை நோக்கி நடந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் அன்று உயிர் துறந்தார்கள். பெண்கள் தங்கள் பொன்னைக் கழற்றிப் படைவீரர்கள் மேல் வீசி எறிந்தார்களாம். 'உங்களுக்கு வேண்டியது இதுதானே' என்று சொல்வதைப் போல! 1908 ஏப்ரலில் குளுங்குங் அரசரும் அதே வழியில் சென்றார். பாலி மக்கள் இதை 'புபுத்தான்' என்கிறார்கள். 'முடிவு வரை' என்று பொருள்.

அந்த அரண்மனைகளின் கெரிஸ்கள் பல, கடல் கடந்து நெதர்லாந்து போய்ச் சேர்ந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடிப் பெட்டிகளிலும் கிடங்குகளிலும் இருந்தன. 2023 ஜூலையில் குளுங்குங் கெரிஸ் ஒன்றை நெதர்லாந்து இந்தோனேஷியாவிடம் திருப்பி ஒப்படைத்தது. 2024 செப்டம்பரில் பாடுங் போர் தொடர்பான ஆயுதங்கள், நகைகள், துணிகள் உள்ளிட்ட பொருட்களும் திரும்பின. நமது கோயில்களிலிருந்து களவுபோன சிலைகள் திரும்பி வரும்போது நம் நெஞ்சம் எப்படி நெகிழ்கிறதோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும், இல்லையா?

மோட்டார் சைக்கிளுக்கா பிறந்த நாள்?

இன்றைக்குத் தும்பெக் லண்டெப் அன்று பாலித் தெருக்களில் நடந்தால், குருத்தோலைத் தோரணம் கட்டிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும்தான் கண்ணில் படும். இரும்பால் ஆன எல்லாமே இதில் அடக்கம் என்பதால் தையல் மெஷின், கம்ப்யூட்டர் வரை படையல் வைக்கிறார்கள். நாமும் மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறவர்கள்தானே!

ஆனால், பாலிப் பெரியவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறார்கள். 'இது வண்டிகளின் பிறந்த நாள் இல்லை. படையல் பெரிதாக இருந்து மனம் மழுங்கியிருந்தால் பயன் இல்லை' என்கிறார்கள். இது அவர்கள் புதிதாகச் சொல்லும் கருத்து அல்ல. திருநாள்களின் விதிகளைச் சொல்லும் 'சுந்தரிகாமா' என்ற ஓலைச்சுவடியிலேயே இருக்கிறது. தும்பெக் லண்டெப்பில் சிவபெருமானுக்கும் பசுபதிக்கும் என்னென்ன படைக்க வேண்டும் என்று கூறிவிட்டு, மனிதர்களைப் பொறுத்தவரை இந்த நாளின் பொருள் 'சிந்தையைக் கூர்மையாக்குவது' என்று அந்தச் சுவடி விளக்குகிறது. கெரிஸ் ஒரு சாக்கு. தீட்ட வேண்டியது மனதை!

கத்தி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. எலுமிச்சை எடுத்துத் தேய்க்கிறோம். மனதில் பிடிக்கும் துரு தெரிவதில்லையே! பல நாள் பழைய கோபம், பக்கத்து வீட்டைப் பார்த்து வரும் பொறாமை, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற நினைப்பு... எல்லாம் துருதான். அதோடு பேசினால், நாக்கு மட்டும் கூர்மையாக இருக்கும். வெட்டுப்படுவது யார்? பெரும்பாலும் நமக்கு நெருக்கமானவர்கள்தாம். மாணிக் அங்கேரான் வெட்டியதும், தனக்குப் பொன்னை அள்ளித் தந்த நாகத்தைத்தானே!

கூர்மையான மனம் என்றால் குத்துகிற மனம் அல்ல. எது வேண்டும், எது வேண்டாம் என்று சரியாகப் பிரித்தறியும் மனம். எப்போது உருவ வேண்டும் என்பதைவிட, எப்போது உறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்த மனம். பாலியில் கெரிஸ் ஆண்டின் பெரும்பகுதி உறைக்குள்தான் இருக்கிறது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதா, என்ன?

அடுத்த ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையைத் துலக்கிப் பொட்டு வைக்கும்போது, ஒரு நிமிடம் கண் மூடி நில்லுங்கள். இந்த வருடம் என் மனதில் படிந்த துரு எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வந்ததும், பசுபதியை நினைத்து, 'அப்பனே, இதைத் தேய்த்து எடுத்துவிடு' என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாலித் தாய் தென்னங்குருத்துத் தட்டை வைத்து வணங்குவதும் அதே பசுபதியைத்தான். அந்தத் தீவுக்கும் நமக்கும் துணை நிற்கும் அந்தப் பெருமான், நம் சிந்தையைத் தெளிவாக்கி, நம் இல்லங்களை இரும்பு வேலியாகக் காக்கட்டும்!

பெட்டிச் செய்தி: ஆறு தும்பெக்... ஆறு நன்றி!

210 நாள் சுற்றில் வரும் ஆறு தும்பெக் நாட்களும் ஒவ்வொன்றுக்கு நன்றி சொல்கின்றன.

தும்பெக் லண்டெப்: கெரிஸ், கருவிகள், இரும்புப் பொருட்கள்.

தும்பெக் வாரிகா: மரம், செடி, கொடிகள். 'கலுங்கான்' திருவிழாவுக்கு 25 நாட்களுக்கு முன்னால் வரும்.

தும்பெக் குனிங்கான்: முன்னோர்களும் தேவர்களும் விடைபெறும் குனிங்கான் திருநாள்.

தும்பெக் குருலுட்: கோயில் இசைக்கருவிகள்.

தும்பெக் உயே: ஆடு, மாடு முதலிய வளர்ப்பு விலங்குகள்.

தும்பெக் வாயாங்: நிழற்பாவைக் கூத்தின் பொம்மைகள்.

இரும்பு முதல் இசை வரை எல்லாவற்றுக்கும் 'நன்றி' சொல்லும் நாட்கள். நாமும் நம்மைச் சுற்றி உழைக்கும் எல்லாவற்றுக்கும் மனதார ஒரு நன்றி சொல்லலாமே!